வீட்டை அடமானம் வைத்து மகளை வெளிநாட்டில் படிக்க வைக்கலாமா?

கேள்வி:

கரூரில் இருக்கிறோம். என் கணவர் சிறிய அளவில் தையல் மெஷின்கள் போட்டு, ஏற்றுமதி கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் முறையில் மேஜை விரிப்பு, திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறார். ஒரே மகள். கோவையில் தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தாள். 7.8 சி.ஜி.பி.ஏ., அரியர் கிடையாது. இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் 19,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. ஒரு கன்சல்டன்சி மூலம் பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி.க்கு ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. எல்லாம் சேர்த்து 36 லட்சம் ஆகும் என்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்தால் கடன் ஏற்பாடு செய்து தருகிறார்களாம். மாதக் கடைசிக்குள் டெபாசிட் கட்டச் சொல்லி தினமும் போன். மகளோ ஜெர்மனி என்கிறாள். அங்கே சீட் கிடைப்பது கஷ்டம், மொழி தெரியாமல் திண்டாடுவாள் என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். எங்கள் சேமிப்பு 8 லட்சம். உறவினர்கள் "பொண்ணுக்குப் போய் இவ்வளவு செலவா?" என்கிறார்கள். வெளிநாட்டுப் படிப்பு உண்மையிலேயே பயன் தருமா?

— ஒரு தாய், கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, அந்த டெபாசிட்டைக் கட்டாதீர்கள். மாதக் கடைசி போனால் வாய்ப்பே போய்விடும் என்பது உண்மையல்ல. தகுதியுள்ள மாணவிக்கு அடுத்த இன்டேக்கிலும், அதாவது அடுத்த சேர்க்கைப் பருவத்திலும், இடம் கிடைக்கும். வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கும் முடிவை, தினமும் போன் செய்து அவசரப்படுத்துபவர் சொல்லும் தேதிக்குள் எடுக்கக் கூடாது.

நீங்கள் கேட்டது எளிய கேள்விதான். பயன் தருமா? தரும். நிறையவே தரும். ஆனால் எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட, எவ்வளவு கடனோடு போகிறாள் என்பதுதான் அந்தப் பயனைத் தீர்மானிக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கும் நான், திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். தாங்கக்கூடிய கடனோடு போன பிள்ளை லேபில் உட்கார்ந்து படிக்கிறது, பேராசிரியரிடம் போய்ப் பேசுகிறது, மொழி கற்கிறது. வீட்டை அடமானம் வைத்துவிட்டுப் போன பிள்ளை முதல் மாதமே பார்ட் டைம் வேலை தேடி அலைகிறது. இரவில் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குகிறது. விமானம், குளிர், பல்கலைக்கழகம் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கிடைக்கும் அனுபவம் ஒன்றல்ல.

பிரிட்டன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 36 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு ஆண்டு முடிவில் கடன் 43 லட்சத்துக்கு மேல் நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 59,000 ரூபாய் வேண்டும். அங்கேயே நல்ல வேலை கிடைத்தால் கட்டிவிடலாம். கிடைக்காமல் ஊர் திரும்பினால்? இங்கே மெக்கானிக்கல் படித்தவர்களின் ஆரம்பச் சம்பளம் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

அங்கே வேலை கிடைப்பதும் முன்போல் இல்லை. படிப்பு முடிந்து பிரிட்டனில் தங்கி வேலை தேட அனுமதிக்கும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. அதற்கு மேலும் தங்க வேண்டுமென்றால் ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் வேண்டும், குறைந்தபட்சச் சம்பளமும் வேண்டும். அந்தப் பொது வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை வரம்பு உண்டு, அதுவே 33,400 பவுண்ட். இன்னொரு சங்கடம், படிப்பு ஓராண்டுதான். பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களை இலையுதிர் காலத்திலேயே வாங்கத் தொடங்கிவிடும். செப்டம்பரில் போய் இறங்கி, அறை பார்த்து, வங்கிக் கணக்கு திறந்து நிமிர்வதற்குள் அந்தக் காலம் கடந்து போகும். ஒரு பரீட்சைகூட எழுதாத நிலையில் விண்ணப்பத்தில் என்னத்தை எழுதுவது?

பிரிட்டன் மோசம் என்று நான் சொல்லவில்லை. சில ஆண்டு வேலை அனுபவத்தோடு, பிரிட்டன் அரசின் செவனிங் போல முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகை கிடைத்துப் போகிறவர்களுக்கு அந்த ஓராண்டு பொற்காலம். செவனிங்குக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். உங்கள் மகளுக்கு அது பின்னால் வரக்கூடிய வழி. வீட்டை வைத்து இப்போதே போக வேண்டிய வழி அல்ல.

ஜெர்மனியில் சீட் கிடைக்காது என்று ஏன் சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள், ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் அவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகக் கொடுக்கின்றன. உங்களுக்கு ஆலோசனை இலவசமாகக் கிடைப்பது அதனால்தான். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணமே கிடையாது, அப்புறம் கமிஷன் எங்கிருந்து வரும்? ஜெர்மனி பற்றி ஆர்வமாகப் பேசும் கன்சல்டன்சிகள்கூடப் பல நேரம் அங்குள்ள தனியார் பல்கலைக்கழகங்களின் பெயரைத்தான் நீட்டுவார்கள். அவை கட்டணம் வாங்குபவை. ஜெர்மனி என்ற பெயரைக் கேட்டதும் கட்டணம் இல்லை என்று நம்பிவிட வேண்டாம்.

உங்கள் மகளின் 7.8-ஐ ஜெர்மன் முறைக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது வெறும் தேர்ச்சி. நம் தேர்ச்சிப் புள்ளி 5 என்று எடுத்துக்கொண்டால் அவளுக்கு 2.3 வருகிறது. 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பெண் கேட்கும் முதுநிலைப் படிப்புகள் நிறைய. எனவே அவள் தகுதியுள்ள மாணவிதான். மிகப் பெயர் பெற்ற இடங்களில் போட்டி கடுமை. மாக்டபுர்க், கெம்னிட்ஸ், சீகன், டூயிஸ்புர்க்-எசன் போன்ற இடங்களையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணம் இல்லை என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைப் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கிவிட்டது. மற்ற பெரும்பாலான இடங்களில் மாணவர் சேவைகளுக்கான சிறு தொகை மட்டும் கட்டினால் போதும்.

உண்மையான செலவு வாழ்க்கைச் செலவுதான். விசாவுக்கு முன் 11,904 யூரோவை பிளாக்ட் அக்கவுன்ட் என்ற கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் இது 12 லட்சத்துக்கு மேல். யாருக்கும் கொடுத்துவிடும் பணம் அல்ல இது. அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் அவள் கைக்கே வரும், சாப்பாடு, அறை வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள். சிறு ஊர்களில் சமாளிக்கலாம், மியூனிக்கில் போதாது. விமானம், விசா, ஆவணச் செலவுகளுக்கு இன்னொரு ஒன்றரை லட்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சேமிப்பு 8 லட்சம். அரசு வங்கியில் கல்விக்கடன் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வாங்க வழியிருக்கிறது. 4 லட்சத்துக்கு மேல் போனால் வேறொருவரின் ஜாமீன் கையெழுத்து கேட்பார்கள். வித்யாலக்ஷ்மி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆக முதல் ஆண்டுச் செலவு அடங்கி, கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். வீடு அப்படியே இருக்கும். படிக்கும் காலத்தில் அந்த 7.5 லட்சத்துக்கான வட்டியை நீங்கள் மாதாமாதம் கட்டிவிட்டால் ஏறக்குறைய 6,900 ரூபாய் ஆகும். அப்படிச் செய்தால் பின்னால் தவணை 10,300 ரூபாய் அளவில் நிற்கும். மகள் நாளை எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வந்தாலும், கோவையிலோ ஓசூரிலோ வாங்கும் சம்பளத்தில் இதைக் கட்ட முடியும். எந்தக் குடும்பம் கேட்டாலும் நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: பிள்ளை திரும்பி வந்துவிட்டாலும் கட்ட முடிகிற கடனா?

இரண்டாம் ஆண்டு எப்படி என்று கேட்பீர்கள். விசாவை நீட்டிக்கும்போது மறுபடி பணம் காட்டச் சொல்வார்கள், வேலை ஒப்பந்தம் இருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் கிடைத்தால் வாழ்க்கைச் செலவு ஓடிவிடும். எல்லா மாதமும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், பரீட்சை மாதங்களில் செய்யவும் கூடாது. அதனால் இரண்டாம் ஆண்டுக்கென்று ஒரு மூன்று, நான்கு லட்சம் ஏற்பாடு உங்கள் மனதில் இருக்கட்டும். அவள் இப்போது வாங்கும் சம்பளத்தில் இன்னும் ஓராண்டு சேர்த்தால் அதில் ஒரு பகுதி வந்துவிடும்.

சரி, பணத்தை விடுங்கள். அங்கே போய் என்ன கற்றுக்கொள்வாள் என்பதுதான் எனக்கு முக்கியம். நம் கல்லூரிகளில் பிள்ளைகள் பரீட்சைக்குத் தயாராகும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்ட் ஏ ரெண்டு மார்க், பார்ட் பி பதின்மூன்று மார்க், பழைய கேள்வித்தாள்கள், சீனியர் கொடுத்த 'முக்கியமான கேள்விகள்'. இன்டர்னல் மார்க் கொஞ்சம் கைகொடுக்கும். ஜெர்மனியில் பல பாடங்களுக்கு செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு பரீட்சை. வகுப்புக்கு வரவில்லை என்று பெரும்பாலும் யாரும் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டார்கள். பரீட்சைக்குப் பதிவு செய்ய மறந்தால் எழுத முடியாது. ஒரே பாடத்தில் மூன்று முறை தவறினால் பல இடங்களில் அந்தப் படிப்பையே தொடர முடியாது. முதல் செமஸ்டரில் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான், அறிவு போதாமல் அல்ல. ஒரு சமன்பாட்டை எழுதினால் போதாது, அந்த அனுமானத்தை ஏன் வைத்தாய், அது எங்கே உடையும் என்று கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். பேராசிரியரோடு கருத்து வேறுபட்டுப் பேசலாம். அது மரியாதைக் குறைவு அல்ல என்று ஒரு பெண் இருபத்து மூன்று வயதில் அனுபவித்துத் தெரிந்துகொள்வது அவள் வாழ்நாள் முழுக்க உடன் வரும்.

ஆய்வகங்களில் 'ஹிவி' என்று சொல்லும் மாணவர் உதவியாளர் வேலை கிடைத்தால் வேறு எதையும் விட அதையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் கருவிகளும் ஆய்வுக் குழுவும் பக்கத்திலேயே இருக்கும். கடைசி செமஸ்டரின் ஆய்வறிக்கையை மெக்கானிக்கல் மாணவர்கள் பலர் ஏதாவது ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். பம்ப் டிசைன் தெரிந்த பெண்ணுக்கு அது பெரிய வாய்ப்பு. இரண்டு ஆண்டுப் படிப்பை நம்மவர்கள் பலர் இரண்டரை, மூன்று ஆண்டில்தான் முடிக்கிறார்கள், அதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் குடும்பத்தில் யாரும் "ஏன் இன்னும் முடிக்கல?" என்று போனில் குடைய வேண்டாம்.

கஷ்டங்களையும் மறைக்க மாட்டேன். டிசம்பரில் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியனைப் பார்ப்பதே அரிது, பல பிள்ளைகளுக்கு மனம் சோர்ந்துவிடும். அறை கிடைக்க மாதங்கள் ஆகலாம். சில ஊர்களில் வெளிநாட்டவர் என்பதால் கசப்பான பேச்சையும் கேட்க நேரும். அந்த நேரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரிய துணை. யாருக்காவது காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள், பொங்கலுக்குச் சேர்ந்து சமைப்பார்கள். ஆனால் முழு நாளும் தமிழ் நண்பர்களோடு மட்டுமே இருந்துவிட்டால் மூன்று ஆண்டு கழித்தும் கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்கு மேல் ஜெர்மன் வராது. படிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம், வேலை பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும்.

வேலை நிலவரம் பற்றி உங்கள் மகள் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். ஜெர்மனியின் வாகனத் தொழில் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சங்கத்தோடு செய்த உடன்பாட்டின்படி 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகள் குறைகின்றன. வாகன உதிரிபாகம் செய்யும் இசட்.எஃப்., போஷ் நிறுவனங்களும் பெரிய அளவில் ஆட்குறைப்பு அறிவித்திருக்கின்றன. கார் கம்பெனியையே குறிவைத்துப் போனால் ஏமாற்றம் வரலாம். பம்ப், வால்வு, ஆற்றல், தொழிற்சாலைத் தானியங்கி என்று நடுத்தர நிறுவனங்கள் அங்கே ஏராளம். சிறு ஊர்களில் இருக்கும் அந்த நிறுவனங்களில் பி2 அளவு ஜெர்மன், அதாவது வேலையிடத்தில் தடையில்லாமல் பேசும் அளவு, இல்லாமல் நுழைவது கடினம். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தங்கலாம், அந்த அவகாசம் மொழி தெரிந்தவளுக்கு நிறைய, தெரியாதவளுக்குப் போதாது. திரும்பி வந்தாலும் அந்த மொழியும் படிப்பும் வீண்போகாது. ஒரகடத்தில் டைம்லர், சென்னையில் இசட்.எஃப்., கோவையில் போஷ் என்று ஜெர்மன் நிறுவனங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கரூர்த் துணிகளும் ஜெர்மனிக்குப் போகின்றன என்பது உங்கள் கணவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே இந்த அக்டோபருக்கு அவசரப்பட வேண்டாம், அடுத்த ஆண்டு அக்டோபருக்குத் திட்டமிடுங்கள். வேலையை விடாமல் மாலை நேரத்திலும் வார இறுதியிலும் ஜெர்மன் படிக்கட்டும். கோவையில் கோத்தே மையம் இருக்கிறது. புறப்படுவதற்குள் பி2-க்கு முந்தைய நிலையான பி1 வந்துவிட்டால் நிம்மதி. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன், கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்குவது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். இதற்கு நாளாகும் என்பதால் முதலில் இதைத் தொடங்க வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பங்களை அவளே எழுதட்டும், ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் எஸ்.ஓ.பி. கடிதத்தைக் காசு கொடுத்து எழுதி வாங்க வேண்டாம். பல படிப்புகளுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொதுத் தளம் வழியாக அனுப்பலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ வீதம். சந்தேகம் வந்தால் டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தகவல் மையம் சென்னையிலேயே உண்டு, விளக்கம் இலவசம். இந்த வேலைகளையெல்லாம் தானே செய்து முடிக்கிற பெண் அங்கே போய்ச் சமாளித்துவிடுவாள் என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

இடையில் கேட் தேர்வையும் எழுதட்டும். நல்ல ஐ.ஐ.டி.யில் எம்.டெக். இடம் கிடைத்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம், கடனே வேண்டாம். அப்படி ஒரு இடம் கையில் வந்தால் ஜெர்மனியின் சுமாரான ஒரு படிப்பை விட அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இதை மகள் ஏற்க வேண்டும் என்பதில்லை, ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உறவினர்கள் சொன்னது என்னை மிகவும் வருத்தியது. மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். அந்த வகுப்பில் அரியர் இல்லாமல் முடித்து, தொழிற்சாலையில் டிசைன் வேலையும் பார்க்கும் பெண் அவள். மகனாக இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் தொகையைப் படிப்புக்குச் செலவழிப்பதில் தவறே இல்லை. அவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். முடிவில் மகளை உட்காரவைத்து, கடன் தொகை, தவணை எல்லாவற்றையும் அவள் கையாலேயே கணக்குப் போட வையுங்கள். அடைக்கப் போவது அவள்தான்.

கன்சல்டன்சிக்கு, இந்த இன்டேக்கில் சேரவில்லை என்று மெயிலில் எழுதிவிடுங்கள், போனில் மட்டும் சொல்ல வேண்டாம். மகளின் அசல் சான்றிதழ்கள், பாஸ்போர்ட் ஏதாவது அவர்களிடம் இருந்தால் உடனே நேரில் போய் வாங்கி வாருங்கள். அவள் பெயரில் என்னென்ன விண்ணப்பம் போட்டார்கள், எந்த மெயில் ஐ.டி.யில் போட்டார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். 2023-ல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தும் நோட்டீஸ் வாங்கினார்கள். பல ஆண்டுக்கு முன் ஏஜென்ட் கொடுத்த சேர்க்கைக் கடிதம் போலி என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. பல்கலைக்கழகத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து மகளின் சொந்த மெயிலில், அவள் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும்.

எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் பாடத்திட்டத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஜெர்மனியில் கணிதம், இயந்திரவியல், வெப்பவியல் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை கிரெடிட் படித்திருக்கிறாள் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். எந்தெந்தப் படிப்புக்கு அவளுடைய பாடங்கள் பொருந்தும் என்பதைப் பார்த்து எழுதுகிறேன்.